முதல் கெட்டில்பெல் எத்தனை கிலோ?

சில ஆண்டுகளுக்கு முன் என் பிறந்த நாளுக்கு எனக்கு நானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டேன். 20 கிலோ கெட்டில்பெல். உருண்டையான இரும்புக் குண்டு, அதன் தலையில் தடித்த கைப்பிடி. பார்த்தால் மூக்கில்லாத தேநீர்க் கெண்டி போல இருக்கும். 'வாங்குவதுதான் வாங்குகிறோம், கொஞ்சம் பெரிதாகவே வாங்குவோமே' என்று நினைத்துவிட்டேன். பிள்ளைக்குச் சட்டை எடுத்தாலும் ஓர் அளவு கூட்டித்தானே எடுக்கிறோம்! மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அலுவலகத்துக்கு லீவு. அதன்பின் பல மாதம் அந்தக் குண்டு, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது சங்க நண்பர்கள் சிலரும் இதை வாங்க யோசிப்பதால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கெட்டில்பெல் ரஷ்ய நாட்டுச் சரக்கு. அங்கே சந்தையில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லைத் தூக்கிப் பலம் காட்டப்போய், அதுவே தேகப்பயிற்சிக் கருவியாயிற்று. நம் பக்கத்து மணங்கு போல அவர்களுக்குப் 'பூட்' என்று ஓர் அளவு. ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று அதிகம். 16, 24, 32 என்று கடையில் இன்றும் விற்பது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்குதான். எனவே அந்த எண்கள் சந்தைக் கணக்கில் வந்தவை. நம் தோளையும் இடுப்பையும் அளந்து வைத்தவை அல்ல.

பெங்களூருக்கு எடை தூக்குவது புதிதல்ல. பேட்டைப் பகுதியில் செம்மண் தரையோடு கரடி மனைகள் இருந்த ஊர் இது. (கன்னடத்தில் 'கரடி மனெ' என்றால் மல்யுத்தப் பயிற்சிக்கூடம். வந்த புதிதில் கரடி வளர்க்கும் இடம் என்றே நினைத்தேன்!) கே. வி. ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னாஸியம் நடத்தியதும் இங்கேதான். 1930-லேயே தேகப்பயிற்சி பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். சூரிய நமஸ்காரத்தையும் பளு தூக்குவதையும் சேர்த்தே கற்பித்தவர்.

நம்மவரில் பலருக்கு எடை என்றதும் நினைவுக்கு வருவது இளவட்டக்கல். நெல்லைச் சீமையில் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலையொட்டி இன்றும் போட்டி நடக்கிறது. ஆனால் அது பரீட்சை, பயிற்சி இல்லை. கர்லாக்கட்டைதான் பயிற்சி. அதைச் சுழற்றப் பழகுகிறவனுக்கு முதலில் இலேசான கட்டையைத்தான் கொடுப்பார்கள். நான் செய்த தவறு, முதல் நாளே பரீட்சைக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

சரி, எத்தனை கிலோ? அதற்கு முன், எந்தப் பயிற்சிக்கு என்று கேட்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கு இடையிலிருந்து மார்பு உயரத்துக்கு வீசும் 'ஸ்விங்' முழுக்க இடுப்பும் தொடையும் செய்யும் வேலை. அவை பெரிய தசைகள், எடை தாங்கும். ஒரு கையால் தலைக்கு மேல் உயர்த்தும் 'பிரெஸ்' தோளின் வேலை. அதற்கு ஸ்விங் எடையில் பாதியே போதும் என்பவர்கள் உண்டு. ஒரே குண்டு இரண்டுக்கும் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வழக்கமாகச் சொல்லும் கணக்கு பெண்களுக்கு 8 கிலோ, ஆண்களுக்கு 16. ஓரளவு உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவருக்கு அது சரி. காலை முதல் இரவு வரை கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, மீதி நேரம் சில்க் போர்டு நெரிசலில் அமர்ந்திருக்கும் ஆண் 12-ல் தொடங்கலாம். பெண்கள் ஸ்விங்குக்கு 8, தலைக்கு மேல் தூக்க 4 அல்லது 6 என்று வைத்துக்கொள்ளலாம்.

ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து உண்டு. குண்டு மிக இலேசாக இருந்தால் இடுப்பை உபயோகிக்காமல் கையாலேயே தூக்கிவிடுவோம். தவறான முறை அப்படியே பழகிவிடும். பிறகு எடை கூடும்போது இடுப்பு பழிவாங்கும்.

வாங்குமுன் ஜிம்மிலோ நண்பர் வீட்டிலோ தூக்கிப் பாருங்கள். முதுகு வளையாமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தரையிலிருந்து பத்து முறை எடுக்க முடிகிறதா? பின்னால் சாயாமல், மூச்சை அடக்காமல், ஒரு கையால் ஐந்து முறை தலைக்கு மேல் உயர்த்த முடிகிறதா? முதலாவது முடிந்து இரண்டாவது முடியவில்லை என்றால், அது உங்கள் ஸ்விங் குண்டு. முதலாவதே தடுமாறினால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிடுங்கள். போனில் வீடியோ பார்த்துப் பழகுகிறோம். நம் முதுகு வளைவதை அந்த வீடியோ பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நின்று பார்க்க வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். (என் மனைவி இதை மகிழ்ச்சியோடு செய்கிறாள்.) இரத்த அழுத்தம், குடலிறக்கம், பழைய முதுகுவலி உள்ளவர்களும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆன தாய்மார்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அடுத்த குண்டுக்கு அவசரம் வேண்டாம். 8-லிருந்து 12 என்றால் நான்கு கிலோதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதி கூடுகிறது. 16-லிருந்து 20-க்கு அது கால் பங்குதான்.

நான் 12-ல் மறுபடி ஆரம்பித்து, இப்போது 16-ல் இருக்கிறேன். 20 கிலோ இன்னும் கதவருகில்தான். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குண்டோடு ஒரு ரப்பர் விரிப்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது.