கிணற்று நீரும் குழந்தையின் பல்லும்

வவுனியா மாவட்டத்தின் சில கிராமங்களில் கபிலக் கறை படிந்த பற்களுடன் பிள்ளைகளைக் காண்பது புதிதல்ல. பல் துலக்காத பிள்ளை என்ற ஏச்சையும் அவர்களே சுமக்கின்றனர். ஆனால் எவ்வளவு துலக்கினாலும் இக்கறை போகாது. அது பல்லின் மேல் ஒட்டியதல்ல. பல் உருவானபோதே நேர்ந்த குறையின் விளைவாகும்.

உயிரினங்கள் கனியுப்பைக் கொண்டு கட்டும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். கோழியின் உடலில் முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் செல்கிறது. முதலில் புரத நார்களாலான சவ்வு அமைகிறது; அதன்மேல் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் வளர்கின்றன. ஓர் ஓட்டுக்குத் தேவையான சுமார் 2 கிராம் கல்சியத்தில் ஒரு பகுதியைக் கோழி தன் எலும்பிலிருந்தே கரைத்தெடுக்கிறது.

பல்லின் வெளியுறையான மிளிரியும் புரதத்தின் துணையுடனேயே வளர்கிறது. இங்கு படிவது கல்சியம் பொசுபேற்று. பளிங்குகள் தடிக்கத் தடிக்க இடையிலுள்ள புரதம் அகற்றப்பட வேண்டும். குடிநீரில் புளோரைட்டு மிகுந்தால் இவ்வகற்றல் தடைப்பட்டு, மிளிரி நுண்துளைகளுடன் நின்றுவிடுகிறது. வெண்திட்டுகள் தோன்றி, பல் முளைத்தபின் கறையேறுகின்றன. அளவான புளோரைட்டு பற்சிதைவைத் தடுக்கும் என்பதும் உண்மையே.

கோழி மறுநாள் வேறோர் ஓட்டை உருவாக்கிக் கொள்ளும். மிளிரியைக் கட்டும் கலங்களோ பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. ஞானப்பல் தவிர்ந்த நிரந்தரப் பற்களின் மிளிரி ஏறக்குறைய 8 வயதுக்குள் முற்றுப்பெறுகிறது. அதன்பின் நீரை மாற்றினாலும் முந்திய குறை நீங்காது.

வவுனியாவின் நிலத்தடியில் பெரும்பாலும் இருப்பவை பழமையான வன்பாறைகள். அவற்றின் கனிமங்களிலிருந்து புளோரைட்டு நீரில் கரைகிறது. வரண்ட காலநிலை அதன் செறிவைக் கூட்டுகிறது. அருகருகேயுள்ள இரு கிணறுகளில்கூட அளவு வேறுபடலாம். சுவையோ நிறமோ இதைக் காட்டிக் கொடுக்காது. நீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். எனவே பரிசோதனையே ஒரே வழி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கையின் 2013 ஆம் ஆண்டுத் தரநியமத்தில் அது 1.0.

எலும்புக்கரி வடிகட்டி புளோரைட்டை ஈர்த்துக்கொள்ளும். எலும்பிலிருப்பதும் பல்லின் அதே வகைக் கனியுப்பே. எனினும் எந்த விலங்கின் எலும்பு என்ற கேள்வி நம் சமூகங்களில் எழாதிருக்காது. மழைநீருக்கு அச்சிக்கலில்லை, அதில் புளோரைட்டு மிகக் குறைவு. மாரி மழையைச் சுத்தமான மூடிய தொட்டியில் சேமித்து, சிறு பிள்ளைகளின் குடிநீருக்கும் பால்மா கரைப்பதற்கும் மட்டுமே ஒதுக்கினால் அதற்குப் பெருந்தொட்டி வேண்டியதில்லை. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் கிணற்று நீரே போதுமானது.