கோல்ஃப் பந்தை அடிப்பது கையல்ல, கால்… தெரியுமா?

நிலாவில் கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள், தெரியுமா? 1971 பிப்ரவரி 6. அப்போலோ 14-ல் போன ஆலன் ஷெப்பர்ட், மண் அள்ளும் கருவியின் பிடியில் ஒரு சிக்ஸ் அயர்ன் மட்டையின் தலையை மாட்டி இரண்டு பந்துகளை விளாசினார். மைல் கணக்கில் போகிறது என்று அங்கிருந்தே பெருமையும் அடித்துக்கொண்டார். ஐம்பது வருடம் கழித்து, 2021-ல், பழைய படங்களைத் தெளிவாக்கி அளந்து பார்த்தார்கள். நெடுந்தூரம் போன பந்து போனது சுமார் 36 மீட்டர்! ஈர்ப்பு விசை இங்கிருப்பதில் ஆறில் ஒரு பங்கு, காற்றுத் தடை அறவே இல்லை. அப்படியும் 36 மீட்டர்தான்!

காரணம், விண்வெளி உடை. அதைப் போட்டுக்கொண்டு இடுப்பைத் திருப்ப முடியாது. இரண்டு கையையும் சேர்த்து மட்டையைப் பிடிக்கவும் முடியாது. ஒற்றைக் கையால் வீசினார் மனுஷன். உடம்பு திரும்பாவிட்டால் நிலாவிலும் பந்து போகாது!

அப்படியானால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து! வலக்கைக்காரர் மட்டையைக் கீழே இறக்கத் தொடங்கும்போது எடை முதலில் இடது காலுக்கு மாறும். கால் தரையை அழுத்தும். நன்றாக அடிப்பவர்கள் தங்கள் எடையைவிடக் கூடுதலான விசையோடு அழுத்துகிறார்கள். இடுப்பு சுழலும். இடுப்பு தணியும்போது மார்பு முந்தும். மார்பு தணிய, கைகள். கைகள் தணிய, மட்டை. ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகிறது. நம்மில் பலர் செய்வது நேர்மாறு. கை முதலில் பாயும், கால் வேடிக்கை பார்க்கும்.

நம் துறையூரில் கோல்ஃப் திடல் கிடையாது. பச்சைமலை, பெருமாள்மலை, பெரிய ஏரி என்று எல்லாம் வாய்த்த ஊரில் அது ஒன்றுக்காக யாரும் அழுததும் இல்லை. ஆனால் சிலம்பம் பழகும் பையன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியார் கம்பைச் சுழற்றவிடும் முன் காலடியைத்தான் போட வைப்பார். அதே கணக்குதான் இங்கேயும்! தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டமும் ஒன்றும் புதிதல்ல. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895-ல்.

இன்னொன்று தெரியுமா? தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையை மேலே கொண்டுபோக எடுப்பது ஏறக்குறைய முக்கால் நொடி. இறக்கக் கால் நொடி. நிதானமாக வீசுகிறவரோ வேகமாக வீசுகிறவரோ, மூன்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை! பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம்? ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு! அடியின் அதிர்வு தண்டு வழியாகக் கைக்கு ஏறி வருவதற்குள் பந்து கிளம்பிவிட்டிருக்கும். ‘ஐயோ, தப்பாப் போகுதே’ என்று வீச்சின் நடுவில் திருத்திக்கொள்ள வழியே இல்லை. நிற்கும் நிலை, பிடி, முதுகின் சாய்வு, திரும்பும் வரிசை என எல்லாம் முன்கூட்டியே உடம்பில் ஊறியிருக்க வேண்டும். பந்து ஒரே ஒரு டிகிரி கோணிக் கிளம்பினாலும் 200 மீட்டர் தள்ளி அது மூன்றரை மீட்டர் விலகியிருக்கும்!

‘இடக்கை மடங்கக் கூடாது’ என்று எல்லா வாத்தியார்களும் சொல்வார்கள். கால்வின் பீட் கதை தெரியுமா? சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தது. அதன்பின் இடக்கையை முழுக்க நீட்டவே முடியாது. கோல்ஃபைத் தொட்டதே 23 வயதில். அவர்தான் 1981 முதல் 1990 வரை பத்து வருடமும் அமெரிக்க பி.ஜி.ஏ. தொடரில் டிரைவ் என்ற முதல் அடியின் துல்லியத்தில் முதலிடம்! அழகான வீச்சுதான் சரியான வீச்சு என்பதை நான் நம்பாததற்கு இவர் ஒருவரே போதும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் சரி.

நம் நாட்டிலும் இப்படி வழக்கத்தை மீறியவர்கள் உண்டு. பெங்களூரின் முனியப்பா, பை சுமக்கும் கேடியாக இருந்தவர். 2009-ல் இந்திய ஓப்பனை வென்றார். அதே ஊர் அதிதி அசோக்கோ தூரம் அடிப்பதில் பின்தங்கியவர். உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்துகொண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது வந்தார்! வெண்கலம் நழுவியது ஒரே ஒரு அடியில்.

மட்டை இல்லாமலே மொட்டை மாடியில் பழகலாம். ஒரு கம்பைத் தோள்களின் மேல் குறுக்கே வைத்து இரு கையாலும் பிடியுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். முதுகு கூன வேண்டாம். தோள் 90 டிகிரி திரும்பட்டும், இடுப்பு அதில் பாதி. பிறகு இடுப்பை முன்னே விட்டுத் தோள் பின்தொடர வாருங்கள். அடுத்து இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு கம்பை மெல்ல வீசிப் பாருங்கள். கையால் இழுத்தீர்களோ, தடுமாறி விடுவீர்கள்! வாத்தியாரே தேவையில்லாத சோதனை இது.

வேகம் அப்புறம். இந்தத் திருகலில் அதிகம் அடிவாங்குவது கீழ்முதுகு. டைகர் உட்ஸுக்கே 2017-க்குள் முதுகில் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்துவிட்டன. 2017-ல் நடந்த நான்காவதில் முதுகெலும்பின் கண்ணிகள் இரண்டை ஒன்றாக இணைத்தார்கள். 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை மறுபடி வென்றார் என்பது வேறு ஆச்சரியம். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் கம்பைத் தொடும் முன் எலும்பு டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.