இரண்டு கொடிக்கும் பீரங்கி இழுத்த மாடு

கவ்பாய் படங்களில் எல்லைச் சண்டையும், எந்தப் பக்கம் நிற்பது என்று தவிக்கும் நாயகனும் வருகிறார்களே, நம் பக்கம் அப்படி ஓர் எல்லை இருந்ததா என்று ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். திப்புவின் மைசூருக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் நடந்த சண்டையில் அவர் குடியிருக்கும் மலையே எல்லைப் பகுதியில்தான் நின்றது. சேர்வராயன் மலைக்கு மேற்கே தொப்பூர் கணவாய், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலிலிருந்து சேலத்துக்கு இறங்க இவைதான் முக்கிய வழிகள். 1790 நவம்பரில் கும்பினித் தளபதி ஜெனரல் மெடோஸ் மடக்கப் பார்த்தபோது, திப்பு முந்திக்கொண்டு தொப்பூரைக் கடந்து திருச்சிப் பக்கம் போய்விட்டார். கனத்த பீரங்கிகளோடு அந்த வேகம் கூடியதற்குக் காரணம் மாடு.

அமிர்த மகால் மாடு. மைசூர் அரண்மனைக்கு வெண்ணெய் தர சிக்கதேவராய உடையார் காலத்தில் சேர்த்த மந்தையைப் போருக்குத் திருப்பியவர் திப்புவின் தந்தை ஹைதர். பெயர் வைத்தவர் திப்பு. ஒடுங்கிய முகம், நெற்றி நடுவே பள்ளம், அடியில் நெருங்கி முளைத்துப் பின்னால் வளைந்தேறும் கூர்க்கொம்பு, சிறுத்துக் கெட்டிப்பட்ட குளம்பு. ‘காவல்’ எனப்படும் மேய்ச்சல் காடுகளில் மனித வாசமே அதிகம் படாமல் வளரும். பிடித்து வந்து கட்டுத்தறியில் கட்டி, கொஞ்சம் அடங்கியதும் பழகிய மாட்டோடு பிணைத்துவிடுவார்கள். முரடு அதன் நடையைப் பார்த்தே பழகும். என் மாமா மலைப்பாதையில் லாரி ஓட்டப் பழகியதும் மூத்த ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

கும்பினியிடம் இப்படியொரு மந்தை இல்லை. 1791 மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் மாடுகள் தீனியின்றிச் செத்து விழுந்தன. அவர் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். படைகளுக்குப் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த லம்பாடிகள், விலை கொடுத்த எந்தப் பக்கத்துக்கும் விற்றார்கள். அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சண்டை அவர்களுடையது அல்ல.

1792-ல் சேலமும் பாராமகாலும் கும்பினி வசமாயின. 1799-ல் திப்பு மாண்டதும் மந்தையும் கைமாறியது. நேற்றுவரை எதிர்த்து நின்ற படையின் பீரங்கிகளை அதே மாடுகள் இழுத்தன. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி அவற்றைப் பெரிதும் மதித்தார். அப்படிப்பட்ட மந்தையைச் செலவு மிச்சம் என்று 1860-ல் ஆங்கிலேயரே விற்றுத் தொலைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே மீதியைத் தேடிப் பிடித்து மறுபடி தொடங்க வேண்டிவந்தது.

மந்தையைக் கைவிட்ட அந்தத் தவறைத்தான் நாமும் செய்கிறோம். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம் செல்லகெரேயில் அமிர்த மகால் காவல் நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ராணுவ, அணு, விண்வெளி நிறுவனங்களுக்குப் போயிற்று. நம் தருமபுரியில் இதன் நெருங்கிய உறவான ஆலம்பாடி மாட்டுக்குக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது காவிரிக்கரைக் காட்டில் பட்டி போட்டு மேய்ந்த மாடு. காட்டுக்குள் பட்டி போட அனுமதி கேட்டு அலையும் மாட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?