காளைக்கு உரிமை உண்டா? ஒரு வகுப்பறைக் கேள்வி

நிலக்கோட்டை வட்டாரத்தில் உள்ள அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் இந்திய அரசியலமைப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அடிப்படைக் கடமைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்து, ‘உயிரினங்களிடம் கருணை காட்டுதல்’ என்ற வரியை எழுதி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார்கள்.

“சார், எங்களுக்கு இல்லாட்டியும் எங்க அப்பா காளைக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டுருவாரு. அதுக்கு ஒடம்பு சரியில்லைன்னா எங்க அம்மா சாப்பிட மாட்டாங்க. அப்புறம் எதுக்கு கோர்ட்டுல எங்களைக் கொடுமைக்காரங்கன்னு சொன்னாங்க?”

நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசை மாணவி ஒருத்தி திரும்பிக் கேட்டாள்: “ஓடுறதுக்கு இஷ்டமான்னு காளைகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். “அது நம் பாரம்பரியம், பிறகு பேசுவோம்” என்று சொல்லி அடுத்த கடமைக்குப் போய்விட்டேன். மாலை வீடு திரும்பும்போது அது உறுத்தியது. பிள்ளைகள் கேட்டது பாடத்துக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல, பாடமே அதுதான். அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், வகுப்பில் அதைக் கொண்டுசென்ற விதத்தையும் இங்கே பகிர்கிறேன்.

சட்டத்தின் தொடக்கம்

விலங்குகளுக்காகச் சட்டம் கொண்டுவர இந்திய நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை நிறுவியவராகவே நாம் அவரை அறிவோம். 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான அவர், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தபின் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது.

இச்சட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு சொல் போதும்: ‘தேவையற்ற’. விலங்குக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் தருவதையே சட்டம் தடுக்கிறது. உணவுக்காகக் கொல்வதை அது குற்றமாக்கவில்லை. அதிலும் தேவையற்ற துன்பம் கூடாது என்கிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயுற்ற மாட்டை வேலை வாங்குவது, அடைந்துகிடக்கும்படி சிறு கூண்டில் வைப்பது, உணவும் நீரும் தராமல் விடுவது ஆகியவை குற்றங்கள். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே! 1960-இல் எழுதிய தொகை அது. ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது போன்றவற்றுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

நீதிமன்றத்தில் காளை

ஜல்லிக்கட்டு வழக்கின் கதையை ஆண்டு வரிசையில் சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் விளங்குகிறது. 2006-இல் ரேக்ளா பந்தயம் தொடர்பாக வந்த ஒரு மனுவில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தது. மேல்முறையீட்டில் அத்தடை நீங்கியது. 2009-இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011-இல் மத்திய அரசு, காட்சிக்கும் வித்தைக்கும் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று, விலங்குகள் நல வாரியம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றது.

2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மாநிலம் முழுவதும் இளைஞர்கள் திரண்டதை நாம் கண்டோம். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது; 23 அன்று சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு, அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாலை முறுக்கலாம், மிளகாய்ப்பொடி தூவலாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. புதிய சட்டமும் விதிகளும் அவற்றைத் தடுத்து, மாவட்ட ஆட்சியரின் அனுமதியையும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையையும் கட்டாயமாக்கியதால் நிலைமை மாறியிருக்கிறது என்பதே 2023 தீர்ப்பின் அடிப்படை. விதியை மீறினால் அந்த அடிப்படையே ஆட்டம் காணும்.

உரிமை வேறு, கடமை வேறு

காளைக்கு உரிமை உண்டா? 2014 தீர்ப்பு, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் உள்ள ‘உயிர்’ என்ற சொல்லை விலங்குகளுக்கும் விரித்துப் பார்த்தது. விலங்குகளின் உரிமைகளை நாடாளுமன்றம் அரசியலமைப்பு உரிமைகளாக உயர்த்தும் என்றும் எதிர்பார்த்தது. 2023 தீர்ப்போ, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. எனவே இன்றைய நிலை இதுதான்: விலங்குக்கு அடிப்படை உரிமை இல்லை, நமக்குக் கடமை உண்டு. 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்ந்த 51-அ (எ) பிரிவு அதைத்தான் சொல்கிறது.

இது வெறும் சொல் வேறுபாடா? இல்லை. உரிமை உள்ளவர் தனக்காக நீதிமன்றப் படியேறலாம். கடமை மட்டும் இருந்தால், அதைச் செய்ய வேண்டியவரின் மனசாட்சியையும் கேள்வி கேட்க முன்வரும் மற்றொரு மனிதரையுமே விலங்கு நம்பியிருக்க வேண்டும். ஆராய்ச்சி மணியை அடித்த பசுவின் கதை ஏன் இன்றும் நம்மை அசைக்கிறது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் மனுநீதிச் சோழன் பசுவையும் வழக்காடத் தகுந்தவளாக ஏற்றுக்கொள்கிறான்.

வகுப்பில் செய்தது

2014 தீர்ப்பில் விலங்குகளுக்கான ஐந்து விடுதலைகள் குறிப்பிடப்படுகின்றன. பசி தாகத்திலிருந்து விடுதலை. அச்சம், மனஉளைச்சலிலிருந்து விடுதலை. உடல் வசதிக்குறைவிலிருந்து விடுதலை. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை. தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை. 1960-களில் இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளைப் பற்றி எழுந்த விவாதத்தில் பிறந்த கருத்து இது. இதை ஐந்து கட்டங்களாகத் தாளில் வரைந்து, தனக்குத் தெரிந்த ஒரு விலங்கைப் பற்றி ஒவ்வொருவரும் நிரப்பி வரச் சொன்னேன்.

உழவு மாடு, கறிக்கோழி, தெருநாய், ஆடு எனப் பல வந்தன. கேள்வி கேட்ட மாணவி தன் வீட்டுக் கூண்டுக் கிளியைப் பற்றி எழுதியிருந்தாள். நான்கு கட்டங்களில் சரி போட்டு, ‘இயல்பு’ கட்டத்தில் ‘பறக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவளிடம் தனியே, பயமுறுத்தாமல் சொன்னேன். வகுப்பில் வைத்துச் சொல்லியிருந்தால் அவள் குடும்பத்தையே கூண்டில் ஏற்றியதாகியிருக்கும். இத்தகைய பாடத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

காளை வளர்க்கும் மாணவன் தாளைக் கடைசியாகத் தந்தான். தீவனம், தொழுவம், மருத்துவம் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தான், அத்தனையும் உண்மை. ‘அச்சம்’ கட்டத்தில் மட்டும், ‘வீட்டில் இல்லை. வாடிவாசலில் தெரியாது. இந்த வருஷம் பக்கத்தில் நின்று பார்ப்பேன்’ என்று எழுதியிருந்தான்.

ஜல்லிக்கட்டு சரி என்றோ தவறு என்றோ நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த மூன்று வாக்கியங்களே அந்தப் பாடத்தின் கற்றல் விளைவு என்று எடுத்துக்கொண்டேன். ஓணானைக் கல்லால் அடிக்கும் கையும் நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றும் கையும் நம் வகுப்பில் ஒரே பிள்ளையின் கைகளாக இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை, தான் செய்வதை ஒரு நிமிடம் நின்று பார்க்கப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.