'பட்டா இருக்கு, கிளியர் டைட்டில் சார்': ஒரு நிலத்தின் உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஊர்ப் பக்கம் ஒரு மனை வாங்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். புரோக்கர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டா, ஒரு வில்லங்கச் சான்று, இரண்டு போட்டோ அனுப்புகிறார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "எல்லாம் பக்கா சார், நாளைக்கே அட்வான்ஸ் போட்டுடலாம்." பெங்களூரிலோ புனேயிலோ ஆபீஸ் கேபில் உட்கார்ந்துகொண்டு அதை நம்பலாமா?

ஆயுள் சேமிப்பையும் இருபது வருட இஎம்ஐ-யையும் கொட்டப் போகிற இடம் அது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நீங்களே என்னென்ன பார்க்கலாம் என்பதை இங்கே விளக்கியிருக்கிறோம்.

பட்டாவில் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளரா?

இல்லை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

பட்டா என்பது வருவாய்த் துறை ஆவணம். நிலவரியை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வந்த பதிவேடு அது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

அப்போ பத்திரம்? அது வலுவான ஆதாரம், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பரிமாற்ற ஆவணம். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையே மீண்டும் சொன்னது. விற்பவருக்கு என்ன உரிமை இருந்ததோ, அது மட்டும்தான் வாங்குபவருக்கு வரும். அவருக்கு ஒன்றுமே இல்லையென்றால் உங்களுக்கும் ஒன்றும் வராது.

சுருக்கமாகச் சொன்னால், 'இந்த நிலம் இவருடையதுதான்' என்று அரசே உத்தரவாதம் தரும் ஒற்றை ஆவணம் நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. பல ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

முதலில் எதைத் தேட வேண்டும்?

பெயரை அல்ல, சர்வே எண்ணை. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சர்வே எண் தெரியாவிட்டால், தமிழக அரசின் புவியியல் தகவல் தளத்தில் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம்.

அடுத்து, வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் மூன்றைப் பாருங்கள்.

பட்டா/சிட்டா: யார் பெயரில் இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு பரப்பு. பல பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டா. ஒருவர் மட்டும் வந்து மொத்தத்தையும் விற்க முடியாது.

'அ' பதிவேடு: அந்த எண் தனியார் நிலமா, அரசுப் புறம்போக்கா என்பது இங்கே தெரியும்.

புலப்படம்: நிலத்தின் வடிவமும் அளவுகளும் இருக்கும். நேரில் காட்டப்படும் இடமும் படத்தில் இருக்கும் இடமும் ஒன்றுதானா என்று சர்வேயரை வைத்து அளந்து பார்க்க உதவும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். பட்டாவில் 4 ஏர் இருக்கும் நிலத்தை ஒருவர் '12 சென்ட்' என்று விற்றால், எங்கோ இடிக்கிறது. கணக்குப்படி அது 10 சென்ட்கூட வராது.

வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது?

பதிவுத் துறைத் தளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்க விவரத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும்.

புரோக்கர் அனுப்பிய பிடிஎஃப்-ஐ நம்பாமல் நீங்களே எடுங்கள். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்று 112/2பி என்று இருக்கும் நிலம் ஒரு காலத்தில் 112/2 ஆகவும், அதற்கு முன் வெறும் 112 ஆகவும் இருந்திருக்கலாம். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய கிரயமோ அடமானமோ கண்ணில் படாது. தாய் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். கிராமம் வேறு சார்பதிவகத்திலிருந்து மாறி வந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதில் வரும் ஒவ்வொரு ஆவண எண்ணையும் குறித்துக்கொண்டு, அவற்றின் சான்றிட்ட நகல்களைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, சொத்துப் பரிமாற்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் பெறவும் வழி செய்கிறது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை யார் யாருக்குக் கைமாறியது என்ற சங்கிலி ஒரு கண்ணிகூட விடுபடாமல் இருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் வராதவை என்னென்ன?

'நில்' வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். கீழ்க்கண்டவை வராமல் போகலாம்:

உயில்: இதைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்தாலும் தனிப் புத்தகத்தில்தான் ஏறும்.

நிலுவையில் உள்ள வழக்கு: கிராமம் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ, அங்கே விற்பவரின் பெயரை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம்.

வாரிசுகளின் பங்கு: இதுதான் பெரிய கண்ணிவெடி. அண்ணன் தம்பி மூவர் கையெழுத்துப் போடுகிறார்கள், அக்கா பெயரே பேச்சில் வரவில்லை. "அவங்களுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு" என்பது சட்டத்தில் செல்லாது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழகம் 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதும் அது 2005-ல் வந்தது. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா, அல்லது விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.

வங்கிக் கடன்: அசல் பத்திரம் வங்கியில் இருக்கலாம். அதனால் ஜெராக்ஸை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் அசலைக் காட்டச் சொல்லுங்கள். வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பான செர்சாய் தளத்தில் சிறு கட்டணத்தில் தேடலாம்.

விற்பவர் 'பவர்' வைத்திருப்பவராக இருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்யவில்லையா என்று உறுதி செய்யுங்கள். பவர் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு நிலம் நம்முடையது என்று இருக்க முடியாது. 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேறு மாநிலத்தில் வாங்கினால்?

நிலம் மாநிலப் பட்டியலில் வருவதால் ஆவணத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்நாடகத்தில் விவசாய நிலத்துக்கு 'பஹணி' எனப்படும் ஆர்டிசி, பூமி தளத்தில் கிடைக்கும். பெங்களூரு மனை, ஃபிளாட்டுக்கு காத்தா. வில்லங்கத்துக்கு காவேரி தளம். மகாராஷ்டிரத்தில் 'சாத்-பாரா'. பெயர் எதுவானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வருவாய்ப் பதிவேடு, பதிவான பத்திரங்கள், நேரில் அனுபவத்தில் இருப்பவர். மூன்றும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும்.

நேரில் போகத்தான் வேண்டுமா?

கண்டிப்பாக. பக்கத்து நிலத்துக்காரரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்தத் தளத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும். "இதுவா? இது மேல கேஸ் நடக்குதே தம்பி" என்ற ஒரு வரி பல லட்சத்தைக் காப்பாற்றும். இத்தனையும் பார்த்த பிறகு, ஒரு சிவில் வழக்கறிஞரிடம் எழுத்துபூர்வமாகச் சட்டக் கருத்து வாங்குங்கள். விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் வழக்கறிஞராக அவர் இருக்க வேண்டாம்.

நிலம் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஊரில் தாத்தா விட்டுப்போன நிலத்தின் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது? 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் மாறிப்போன குடும்பங்கள் நிறைய. வேறொருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் உங்கள் நிலத்தை வெளிப்படையாக, உங்கள் உரிமையை மறுத்து அனுபவித்துவந்தால், நீங்கள் மீட்டெடுப்பதே சிக்கலாகலாம். அடுத்த முறை அப்பாவுக்கு போன் செய்யும்போது சர்வே எண்ணைக் கேட்டு வையுங்கள். தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.