திருச்சபையும் சமூகப் பணியும்: சத்யோதய நிலையத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

மத நிறுவனங்களின் சமூகப் பணியை வெறுந் தருமமென ஒதுக்கிவிடுவது முற்போக்காளரிடையே ஊறிப்போன வழக்கமாகும். கண்டிச் சத்யோதய நிலையத்தின் அனுபவம் இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

1971 ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சியை அடுத்து, 1972 இல், இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார் இதனை நிறுவினார். 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் பரவிய கோப்பியும் பின்னர் தேயிலையும் கண்டிக் கிராமங்களை நெருக்கின. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரோ லயன் அறைகளுள் அடைபட்டு, 1948 இன் சட்டத்தாற் பெரும்பாலும் பிரஜாவுரிமையையும் இழந்தனர். ஒரே மூலதனத்தால் வஞ்சிக்கப்பட்ட இரு சாராரும் இனத்தின் பெயரால் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர். 1973–74 இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது அரிசி வழங்குதல் தவிர்க்கவியலாக் கடமையே; அதனை ஏளனஞ் செய்வோர் பசியறியாதோர். ஆயினும் அரிசிப் பொதி பசியின் காரணத்தை உணர்த்துவதில்லை. சத்யோதய அக்காரணத்தை ஆராய்ந்தது. சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தொழிலாளரையும் மதம் கேளாது ஒருங்கமரச் செய்தது.

இத்தகைய சிறு நிலையங்களால் 1983 இன் வன்செயலைத் தடுக்க இயலவில்லை. தொழிற்சங்கத்துக்கு அவை பதிலாகவும் மாட்டா. எனினும், இலங்கையிற் சிங்களரையும் தமிழரையும் கணிசமான அளவில் ஒருசேரக் கொண்ட மதம் கிறிஸ்தவமே என்பது மனங்கொளத்தக்கது. மொழிவாரியாக வெவ்வேறு வேளைகளிற் பூசை காணும் பங்குகள் பல இவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதில்லை. தோட்டச் சம்பளமும் கிராமத்தின் காணியின்மையும் பங்கு மண்டபமொன்றில் ஒரே கூட்டத்திற் பேசப்படுமாயின், சபைக்குப் புறத்தே உள்ளோரும் அங்கு வந்தமர்வர்.