வீட்டுக் கணினியும் வாய்ச் சொல்லும்

பாரிசவாதத்தினால் கையும் காலும் விழுந்துவிட்டால் உறவினரும் நண்பரும் ஓடிவந்து உதவுவர். அத்துன்பம் கண்ணுக்குத் தெரிவது. ஆனால், கை கால் தேறிய பின்னும் சொல் மட்டும் வாய்க்கு வராமல் தவிப்பவரின் துன்பம் பலருக்கு விளங்குவதில்லை. பெற்ற மகளின் முகத்தை அவர் அறிவார், பெயர் வராது. தேநீர் வேண்டும் என்று நினைப்பார். 'தண்ணீர்' என்று வாய் சொல்லிவிடும். மூளையின் மொழிப் பகுதி பழுதடைவதால் உண்டாகும் இந்நிலையை வைத்தியர்கள் 'அஃபேசியா' என்பர். தமிழில் பேச்சிழப்பு எனலாம். பாரிசவாதத்துக்கு உள்ளானோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகின்றது.

இத்தகையோருக்கு அறிவு மங்கிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. 1861ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்னும் வைத்தியர், 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறொன்றும் சொல்ல இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, இடது பக்கத்தின் முன்பகுதியிலே பழுதிருப்பதைக் காட்டினார். சொல்லை எடுத்துத் தரும் வழி அடைபட்டதேயன்றி, சொல்ல நினைக்கும் மனிதர் உள்ளே இருக்கின்றார் என்பதை இன்றும் பல குடும்பங்கள் உணர வேண்டியிருக்கின்றது.

அடைபட்ட வழியைத் திறப்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி வேண்டும். அதற்கு மணிக்கணக்கான நேரம் தேவை. பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் எத்தனை வீடுகளுக்குத்தான் செல்ல முடியும்? பிரித்தானியாவிலே முதற் சில மாதங்களில் கிடைக்கும் சிகிச்சை பின்னர் குறைந்துவிடுவது பலரது அனுபவம். இக்குறையைக் கணினியினால் நிரப்ப முடியுமா என்ற கேள்விக்கு விடை காண ஆராய்ச்சியாளர் முற்பட்டனர்.

ஷெஃபீல்ட் ஆராய்ச்சி

ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றெபெக்கா பாமர் தலைமையில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 21 பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகள் இதிற் பங்குபற்றின. பாரிசவாதம் வந்து குறைந்தது நான்கு மாதங்களாவது கடந்தும் சொல் வராது வருந்திய 278 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்தக் குழு என்பது சீட்டுக் குலுக்குவது போலவே தீர்மானிக்கப்பட்டது.

முதற் குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. இரண்டாம் குழுவினருக்கு அதனோடு கணினிப் பயிற்சியும் கிடைத்தது. மூன்றாம் குழுவினருக்குக் கணினிக்குப் பதிலாகப் புதிர்ப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. யாரோ ஒருவர் கவனித்து ஏதோ ஒரு வேலை தந்தாலே மனம் தேறுமல்லவா? அந்தத் தேற்றத்தைப் பயிற்சியின் பயனிலிருந்து பிரித்தறியவே இந்த ஏற்பாடு.

கணினிப் பயிற்சி மிக எளியது. ஒவ்வொருவரும் தமது வாழ்க்கைக்கு வேண்டிய 100 சொற்களைச் சிகிச்சையாளரோடு கூடித் தெரிவு செய்தனர். பேரப்பிள்ளையின் பெயரும் இருக்கலாம். விரும்பி உண்ணும் உணவும் இருக்கலாம். திரையிலே படம் தோன்றும், சொல் ஒலிக்கும், முதலெழுத்தோ முதலொலியோ துணைக்கு வரும். பின்னர் அத்துணை குறைந்து, சொல்லைத் தாமே சொல்லவும், வசனத்தில் அமைத்துச் சொல்லவும் பழகுவர். நாள்தோறும் 20 முதல் 30 நிமிடம் வரை ஆறு மாதங்கள் பழகுவதே குறிக்கோள். சராசரியாக ஒருவர் 28 மணித்தியாலம் பயின்றார். இடையிடையே உதவியாளர்களோ தொண்டர்களோ வந்து ஊக்கமளித்தனர்.

பயன் என்ன?

கணினியிற் பயின்றோர், தாம் தெரிந்த சொற்களைச் சொல்லும் ஆற்றலில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட 16.2 சதவீதம் கூடுதலாக முன்னேறினர். புதிர்ப் புத்தகக் குழுவோடு ஒப்பிட்டபோதும் இவர்களே முன்னின்றனர். ஆகவே இது வெறும் மனத்தேற்றமன்று, பயிற்சியின் பயனே. 'காலங் கடந்துவிட்டது, இனி ஒன்றுஞ் செய்வதற்கில்லை' என்று கைவிடுவோருக்கு இது நல்ல மறுமொழி.

ஆயினும் ஆராய்ச்சியாளர் இன்னொன்றையும் மறைக்காது கூறினர். பங்குபற்றியோர் உரையாடுவதை வீடியோவிற் பதிந்து, யார் எந்தக் குழு என்றறியாத சிகிச்சையாளரைக் கொண்டு மதிப்பிட்டபோது, கணினியிற் பயின்றோரின் உரையாடல் மற்றவர்களுடையதைவிட முன்னேறியதாகக் காணப்படவில்லை. சொல் வந்தது, பேச்சு வளரவில்லை.

இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலே 'லிசன் இன்' என்ற கணினிப் பயிற்சி ஆராயப்பட்டபோதும் இதுபோன்ற பாடமே கிடைத்தது. பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் ஆற்றலை வளர்க்க, விளையாட்டு வடிவில் அமைக்கப்பட்ட பயிற்சி அது. 35 பேர் 12 வாரங்களிலே சராசரியாக 85 மணித்தியாலம் பயின்றனர். வழக்கமான சிகிச்சையிலே மனிதச் சிகிச்சையாளர் இவ்வளவு நேரம் ஒருவரோடு இருப்பது அரிது. பயின்ற சொற்களில் விளக்கம் கூடியது. எதைப் பயின்றனரோ அதிலேதான் பலன்.

தமிழ் பேசுவோர் நிலை

ஷெஃபீல்ட் ஆராய்ச்சியிலே, ஆங்கிலமல்லாத மொழியிற் சிகிச்சை தேவைப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. கணினி நிரல் ஆங்கிலத்தில் இருந்தமையே காரணம். பாதிநாள் தமிழிலும் பாதிநாள் ஆங்கிலத்திலும் வாழும் பெரியோருக்கு இது முக்கியமான செய்தி. இரு மொழி அறிந்தவருக்குப் பாரிசவாதத்தின் பின் எந்த மொழி முதலில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேலைத்தலத்து ஆங்கிலம் முந்தலாம், தாய்மொழியும் முந்தலாம். ஆகையால் சிகிச்சையாளர் இரு மொழிகளையும் சோதித்தறிவது நன்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தேசிய சுகாதார சேவை அதற்குப் பணம் அறவிடுவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு வசனம் பேச முடியாத சிலர், சிறுவயதில் மனனஞ் செய்த தேவாரத்தைத் தடையின்றிப் பாடிவிடுவர். நெடுநாட் பழகிய பாடலும் எண்வரிசையும் நினைத்துப் பேசும் பேச்சைப் போன்றவையல்ல. ஆதலால், 'பாடுகிறாரே, பேச மனமில்லாமல் நடிக்கிறார்' என்று குறை கூறலாகாது. பாடட்டும், அது அவருக்கு ஆறுதல்.

வீட்டார் செய்யத்தக்கவை

1. கணினியோ கைத்தொலைபேசியோ எதனைப் பயன்படுத்தினாலும் சிகிச்சையாளரின் ஆலோசனையோடு தொடங்குக.

2. சொற்களை நோயாளியே தெரிவு செய்யட்டும். வீட்டாரின் பெயர்கள், உணவுகள், அடிக்கடி செல்லும் இடங்கள் முதலில் வரட்டும். தமிழ் நிரல் கிடைக்காவிடின், வீட்டிலெடுத்த படத்தோடு மகனோ மகளோ தமது குரலிற் சொல்லைப் பதிந்து கொடுக்கலாம்.

3. நாள்தோறும் சிறிது நேரம் பயில்வது, வாரத்தில் ஒருநாள் களைக்கும்வரை பயில்வதிலும் மேலானது.

4. அன்று பயின்ற சொல்லை அன்றே பேச்சிற் பயன்படுத்த இடமளியுங்கள். 'தோசை' என்று பழகினால், இராச்சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.

5. அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடாதீர்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இந்த நான்காவதும் ஐந்தாவதும் எந்தக் கணினியாலும் செய்ய முடியாதவை. இயந்திரம் சலிப்பின்றிச் சொல்லைக் கற்பிக்கும். அச்சொல்லைக் கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். முன்பு வெள்ளிக்கிழமை தவறாது கோயிலுக்கு வந்தவர், 'யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வேன்' என்ற கூச்சத்தினால் வீட்டோடு இருந்துவிடுவதுண்டு. அங்கத்தவர்கள் அத்தகையோரின் வீட்டுக்குச் சென்று அவரையும் அழைத்து வருவார்களாக. பூசை முடிந்தபின் அவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரு சொல் வருவதற்கு ஒரு நிமிடம் ஆனாலும் பொறுத்திருப்பார்களாக. ஆறு மாதம் வீட்டிலிருந்து பயின்ற சொல்லுக்கு அதுவே பயன்.